மூடி

ஓடுதளம் என்று சொல்வதெல்லாம் ஒரு மரியாதைக்கு.
கோத்தகிரிக்கு மேலே, இரண்டு தேயிலைச் சரிவுகளுக்கு நடுவில்
புல் வெட்டி வைத்த ஒரு நீளம்.
ஒரு முனையில் சீகை மரங்கள்.
மறுமுனையில் ஒன்றுமே இல்லை,
கீழே வெகுதூரத்தில் மேட்டுப்பாளையம், வெயிலில்.

எனக்கு அங்கே மூன்று வேலை.
சக்கரத்துக்குக் கட்டை வைப்பது, எடுப்பது.
காட்டெருமை வந்தால் தகரம் தட்டுவது.
ஏணி சாய்த்து இறக்கைக்குள் பெட்ரோல் ஊற்றுவது.
சேர்ந்த அன்று பைலட் குரியன் சொன்னது இரண்டே சொல்:
"முந்தானையைச் செருகிக்கோ."

விசிறி நிற்கும்போது இரண்டு அலகு,
கருப்பு, நுனியில் மஞ்சள் பூச்சு.
சுற்றத் தொடங்கினால் மறைந்துவிடும்.
அதன் வழியே எதிர்மலை மாதா கோயில் தெரியும்,
மேயும் மாடு தெரியும், கொடியில் காயும் துணி தெரியும்.
இல்லாத ஒன்றுக்குப் பத்தடி தள்ளி நிற்கப் பழக
எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

மாசியில் ஒரு காலை. காட்டுத்தீ பார்க்கப் போகிற நாள்.
உறைபனியில் புல் அப்பளமாக நொறுங்குகிறது.
குரியன் அட்டையோடு விமானத்தைச் சுற்றி வருகிறார்,
உதடு அசைய, விரல் வரிவரியாக இறங்க.
நான் ஏணியில்.
மூடியைத் திருகி எடுத்து ஸ்வெட்டர் பையில் போட்டேன்;
குழாய்க்கு இரண்டு கையும் வேண்டும்.
நிரம்பியது.
அந்த நேரம் பார்த்து வனத்துறை பாஸ்டின் கேட்டார்,
"அக்கா, இங்க டவர் கிடைக்குமா?"
"தண்ணித் தொட்டிகிட்ட போங்க, ரெண்டு கோடு வரும்."
சொன்னதோடு விட்டேனா?
இறங்கிப் போய் இடத்தையும் காட்டினேன்.

அதே நேரம் குரியனின் பையில் போன் நடுங்கியது.
மகளின் காலேஜ் ஃபீஸ், இன்றோடு கடைசி.
விரல் அப்போது ஒன்பதில் இருந்தது.
பேசி முடித்துத் திரும்பியபோது
பதினொன்றில் போய் உட்கார்ந்தது.

கட்டையை எடுத்தேன். கட்டைவிரலை உயர்த்தினேன்.
எஞ்சின் இரண்டு தரம் இருமிப் பிடித்துக்கொண்டது.
குளிருக்குக் கையைப் பையில் விட்டேன்.

வட்டமாக. இரும்பாக. சில்லென்று.

ஓடாதே என்று காலுக்கு யார் சொல்வது?
நான்கு எட்டு ஓடிவிட்டேன், நேராக,
அந்த இல்லாத வட்டத்தை நோக்கி.
செருகியிருக்கிறதா என்று இடுப்பைத்
தொட்டுப் பார்த்தது கை, வழக்கம்போல, தானாக.
அந்தத் தொடல்தான் என்னை நிறுத்தியது.
அகலமாகச் சுற்றி, இடப்பக்கம், அவர் கண்ணுக்கு எதிரே வந்து
தலைக்குமேல் இரு கையையும் பெருக்கல் குறியாக்கினேன்.

அவர் பார்க்கவில்லை.
பாஸ்டினின் பெல்ட் எங்கோ முறுக்கிக்கொண்டு,
குனிந்து அதை நேராக்கிக்கொண்டிருந்தார்.
சக்கரம் புல்லை அழுத்தி ஒரு முழம் நகர்ந்தது.
இறக்கையின் மேல் திறந்த வாய்.
பறந்தால் காற்று அதில் வாய் வைத்து உறிஞ்சும்.
என் தோள் வலித்தது. பெருக்கல் பெருக்கலாகவே இருந்தது.

நிமிர்ந்தார்.

எஞ்சின் அடங்க, விசிறி திரும்பி வந்தது,
மறுபடி இரண்டு அலகாக.
மூடியை நீட்டினேன். சொல்ல வாய் வரவில்லை.
அவர் அதை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்சநேரம் பார்த்தார்.
அட்டையை எடுத்தார். பத்தாவது வரியை
நகத்தால் இரண்டுமுறை கீறினார்.
போனை அணைத்து என்னிடம் கொடுத்தார்.
"முதல்ல இருந்து."
ஒன்று.
பாஸ்டின் வாட்சைப் பார்த்தார்.
இரண்டு.

இப்போது ஏணி ஏறினால் நான் செவிடு.
யார் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை.
ஜெபக்கனிக்குத் தலைக்கனம் என்று கேன்டீனில் பேச்சு.
பேசட்டும்.
மூடியை இனிப் பையில் போடுவதில்லை,
பல்லில் கடித்துக்கொள்கிறேன்,
எவருக்கும் பதில் சொல்ல முடியாதபடி.
மத்தியானச் சோற்றிலும் பெட்ரோல் வாடை.